ஃபிளாப்பி வட்டு வகைகளை இனங்காணல்

ஃபிளாப்பி அல்லது நெகிழ்வட்டு என்பது காந்தப்பூச்சு கொண்ட மெல்லிய பாலியெஸ்டர் தகட்டை உறைக்குள் அடக்கிய சேமிப்புச் சாதனம். ஐபிஎம் 1971இல் 8 அங்குல வட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1976இல் சுகார்ட் நிறுவனத்தின் 5¼ அங்குல வட்டும், 1980களின் தொடக்கத்தில் சோனியின் 3½ அங்குல வட்டும் வந்தன. பழைய அலுவலக அலமாரிகளிலிருந்தும் பழைய சிஎன்சி இயந்திரங்கள் ஓடும் பட்டறைகளிலிருந்தும் கிடைக்கும் வட்டுகளை இனம்பிரிக்கும் தேவை இன்னும் தீரவில்லை.

8 அங்குல வட்டை அளவே காட்டிக்கொடுத்துவிடும். குழப்பம் 5¼ அங்குலத்தில்தான். 360 கேபி வட்டும் 1984இல் ஐபிஎம் பிசி ஏடியுடன் வந்த 1.2 எம்பி வட்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நடுத்துளையைப் பார்க்க வேண்டும்: 360 கேபி வட்டில் பெரும்பாலும் வலுவூட்டும் வளையம் ஒட்டியிருக்கும், 1.2 எம்பி வட்டில் பொதுவாக அது இருக்காது. மையால் எழுதிய லேபிளைவிட இந்த வளையம் நம்பகமானது, ஏனெனில் லேபிள் எத்தனை முறை மாறியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

வேறுபாடு பூச்சிலும் உண்டு. 360 கேபி வட்டை எழுத ஏறக்குறைய 300 எர்ஸ்டெட் காந்தப்புலம் போதும், 1.2 எம்பி வட்டுக்கு அதில் இருமடங்கு வேண்டும். டிரைவ் மாறினாலும் ஆபத்துதான். 1.2 எம்பி டிரைவின் தலை குறுகலானது. 360 கேபி டிரைவில் எழுதிய வட்டில் அது மறுபடி எழுதினால், பழைய தடத்தின் ஓரங்கள் அழியாமல் எஞ்சும். அதே வட்டைப் பழைய டிரைவில் போட்டால், அகன்ற தலை புதியதையும் பழையதையும் சேர்த்துப் படித்துத் தடுமாறும்.

3½ அங்குலத்தில் வேலை எளிது. எழுதுதடைத் துளைக்கு எதிர் மூலையில் இன்னொரு துளை இருந்தால் 1.44 எம்பி; இல்லாவிட்டால் 720 கேபி. அந்தத் துளை சற்று இடம்பெயர்ந்திருந்தால் அரிதான 2.88 எம்பி. உறையில் ‘135 டிபிஐ’ (அங்குலத்துக்கு 135 தடங்கள்) என்றிருப்பது 720 கேபி, 1.44 எம்பி இரண்டிலும் பொது. அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. 720 கேபி வட்டில் துளைபோட்டு 1.44 எம்பியாகப் பயன்படுத்தியவர்கள் அக்காலத்தில் ஏராளம். அப்படிச் செய்த வட்டில் தரவு நாளடைவில் கெட்டுப்போகக்கூடும். துளையின் விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் சந்தேகிக்க வேண்டும்.

எழுதுதடை மூன்றிலும் ஒன்றல்ல. 5¼ அங்குலத்தில் விளிம்பு வெட்டை ஒட்டி மூடினால் தடை. 8 அங்குலத்தில் வெட்டு திறந்திருந்தால் தடை. 3½ அங்குலத்தில் சிறு சன்னல் திறந்திருந்தால் தடை. அறியாத வட்டை டிரைவில் போடும்முன் எழுதுதடை இருப்பதை உறுதிசெய்தே ஆக வேண்டும். கூடவே தலைச் சன்னல் வழியே தகட்டைச் சுழற்றிப் பார்ப்பது அவசியம்: வெண்புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை, அதைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் பூச்சு உரிந்து டிரைவின் தலையில் அப்பிக்கொள்ளும், பிறகு போடும் வட்டுகளும் கீறப்படும்.