அம்மாவின் தையல் மிஷினும் ஒரு தவணை அட்டையும்

போன மாதம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு தையல் மிஷின் விடைபெற்றது. அறுபது வயதைத் தாண்டிய கறுப்பு மிஷின். பொன்னிறப் பூ வேலைப்பாடெல்லாம் அம்மாவின் கை பட்டுப் பட்டு எப்போதோ அழிந்துவிட்டது.

நூல் அறுவது பல மாதத் தொல்லை. வீட்டுக்கு வந்த மெக்கானிக் பாய் சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பார்த்தார். "உள்ளே ஷாஃப்டே ஆடுது சார். துணியை இழுக்குற பல்லும் மழுங்கிப்போச்சு. புது ஷட்டில் போட்டாலும் நிக்காது. தலையை மாத்திருங்க" என்றார். என் மனைவி பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மாமியாரிடம் அவள் தையல் கற்றுக்கொண்டது அந்த மிஷினில்தான்.

மிஷினைக் கொடுப்பதற்கு முன் டிராயரைக் காலி செய்தேன். பாபின்கள், சுண்ணாம்புக் கட்டி, ஒரு பழைய நாடா, அடியில் ஒரு மங்கிய அட்டை. 1962ஆம் வருடத் தவணை அட்டை! அப்பா இறந்த வருடம். மூன்று பிள்ளைகளோடு நின்ற அம்மா, இருந்த ஒரு ஜோடி வளையலை விற்று முன்பணம் கட்டினாள். கடைசித் தவணை கட்டும்வரை மிஷின் நமக்குச் சொந்தமில்லை என்று சொல்லிச் சொல்லி, எங்களை அதன் பக்கத்தில் விளையாடவிட மாட்டாள். அட்டையில் இரண்டு கட்டங்களில் தாமதக் குறிப்பு இருக்கிறது. அந்த இரண்டு மாதங்களும் எனக்கு நினைவிருக்கின்றன. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே அம்மாவின் கால் மிதியில் நின்றுவிடும்.

இந்தத் தவணை முறைக்கே ஒரு கதை உண்டு. தைக்கும் இயந்திரத்துக்குப் பலர் முயன்றிருக்கிறார்கள். பிரான்சில் திமோனியே என்ற தையற்காரர் செய்த இயந்திரங்கள் ராணுவச் சீருடை தைத்தன. பிழைப்பு போய்விடும் என்று பயந்த மற்றத் தையற்காரர்கள் 1831இல் பட்டறைக்குள் புகுந்து அவற்றை உடைத்தார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்றார். முனையில் காது வைத்த ஊசி மேல் நூலைக் கீழே கொண்டுபோக, ஷட்டில் அதில் கீழ் நூலைக் கோத்துப் பூட்டும். இன்றைக்கும் நம் வீட்டு மிஷின் தைப்பது அந்தத் தையலைத்தான். ஐசக் சிங்கர் 1851இல் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு ஹோவ் போட்ட வழக்கில் தோற்று அவருக்கு உரிமைத்தொகை கட்ட நேர்ந்தது.

ஆனாலும் உலகமெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது சிங்கர்தான். காரணம் அவருடைய கூட்டாளி எட்வர்ட் கிளார்க். மிஷின் விலை ஒரு சாதாரணக் குடும்பத்தின் பல மாத வருமானமாக இருந்த காலம் அது. மாதாமாதம் கொஞ்சம் கட்டினால் போதும் என்று 1856இல் வழி செய்தவர் அவர். பழைய மிஷினைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்தார். அம்மாவின் அட்டைக்கும் இன்றைய 'எக்ஸ்சேஞ்ச்' பலகைக்கும் அவர்தான் மூதாதை.

இயந்திரங்களைக் குறை சொன்ன காந்திஜிகூட 1924இல், சாந்திநிகேதன் மாணவரான ராமச்சந்திரன் கேட்டபோது, தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். சிங்கர் தன் மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பார்த்து அன்பினால் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். உண்மையில் சிங்கர் குடும்ப வாழ்க்கையில் அப்படிப் பெயர் எடுத்தவர் அல்ல. மனைவி தைத்துச் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹோவ் என்றுதான் சொல்வார்கள். ஆள் மாறினாலும் காந்திஜி சொன்ன நியாயம் மாறவில்லை. எங்கள் வீட்டில் அந்த மிஷின் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. இல்லாத வேலையைக் கொடுத்தது.

1930களில் கல்கத்தாவிலிருந்து உஷா வந்த பிறகு நம் நாட்டு மிஷின்களும் பெருகின. மதுரைக்காரர்களுக்குப் புது மண்டபம் நினைவிருக்கும். திருமலை நாயக்கர் கட்டிய கல்தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின்கள் ஓடும். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேடத்துக்கான உடைகளைத் தைக்கும் சத்தத்தில் பேச்சே கேட்காது. அம்மாவுக்கு நூலும் ஊசியும் அங்கிருந்துதான் வாங்கி வருவேன். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

புதிய மிஷின் வாங்கக் கடைக்குப் போனோம். எடை குறைந்த வெள்ளை நிற மின்சார மிஷினைக் காட்டினார்கள். பூத்தையல், காஜா, எல்லாம் ஒரு திருகில் வருகிறது. மகள் அதையே வாங்கச் சொல்லியிருந்தாள். மனைவி கைப்பிடித் துணியை அதில் ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "ஏங்க, இது நல்லாத்தான் இருக்கு. நான் தைக்கிறது ஜாக்கெட்டும் தலையணை உறையும்தானே? நம்ம தெருவுல ரிப்பேர் பாக்குற மாதிரி ஒண்ணு போதும்" என்றாள்.

கடைசியில் கறுப்புத் தலையே வாங்கினோம். பழைய ஸ்டாண்டில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. மனைவிக்கு முழங்கால் வலி இருப்பதால் ஒரு சிறிய மோட்டாரும் மாட்டியாயிற்று. கண்ணுக்காக ஒரு விளக்கும் உண்டு. பழைய தலைக்குக் கடைக்காரர் கழித்தது சில நூறு ரூபாய்தான். ஆட்டோவில் ஏற்றும்போது மனைவி முந்தானையால் அதை ஒருமுறை துடைத்துவிட்டாள்.

அட்டை மட்டும் டிராயரிலேயே இருக்கிறது. அதன் கடைசிக் கட்டத்தில் முத்திரை விழுந்த அன்று அம்மா எங்களுக்குக் கேசரி கிளறிக் கொடுத்தாள். உங்கள் வீட்டிலும் பழைய மிஷின் இருந்தால், கொடுப்பதற்கு முன் டிராயரை ஒருமுறை நன்றாகத் துழாவிப் பாருங்கள்.