ஆதாயம் முதல் கைக்கு, வழக்கு கடைசிக் கைக்கு: வாலிகண்டபுரம் வட்டார மனை முதலீட்டின் சட்டப் பின்னணி

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய வாலிகண்டபுரம் போன்ற ஊர்களில் புன்செய் நிலம் மனையாக மாறும்போது, ஆதாயம் மனை பிரித்து விற்பவருக்கும் வழக்கு கடைசியாக வாங்குபவருக்கும் போய்ச் சேரும் ஆபத்து உண்டு. வாங்குபவர் விசாரிக்காமல் வாங்கியதே காரணம் என்பார்கள். பதிவு முறையின் அமைப்பே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரம். உரிமைக்கு அரசு பொறுப்பேற்பதில்லை. முன் ஆவணம் இல்லையென்று பதிவை மறுக்க இடமளித்த தமிழ்நாட்டுப் பதிவு விதிகளின் 55அ(i) விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராயும் அதிகாரத்தை அச்சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்பதே அத்தீர்ப்பு சொன்ன காரணம். வில்லங்கச் சான்றில் பதியாத உயிலோ வாரிசுப் பங்கோ தெரியாது. பட்டாவும் தனித்து உரிமை மூலம் ஆகாது. 1979–87இல் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். பணியில் ஏறிய பெயர்ப் பிழைகள் இன்றும் வழக்குகளாகின்றன. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம் மனைப்பிரிவின் அமைப்புக்குத்தான்.

சோழர் காலத்து வாலீஸ்வரர் கோயில் உள்ள வாலிகண்டபுரத்தில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி அக்கிரயம் செல்லாது. 109ஆம் பிரிவு காலவரையறையையும் விலக்குவதால், நீண்டகால அனுபவம் என்ற வாதமும் எடுபடாது.

இந்த ஆபத்து இலாபத்தை எவ்வளவு தின்னும்? 5 இலட்சம் ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு எனக் கொண்டால் அடக்கம் 5.45 இலட்சம். பத்தாண்டில் 10 இலட்சத்துக்கு விற்றால் கூட்டு ஆதாயம் ஆண்டுக்குச் சுமார் 6.3 விழுக்காடு. பாகப்பிரிவினை வழக்கால் அதே விற்பனை ஐந்தாண்டு தள்ளினால் அது 4.1 ஆகும், வக்கீல் கட்டணம் தனி. "இரட்டிப்பாகும்" என்ற புரோக்கர் கணக்கில் இவை வருவதில்லை.

அரசின் தலையீடு பயனற்றதன்று. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த தடையும், அதே ஆண்டு அக்டோபர் 20இல் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின் 22அ பிரிவும் அங்கீகாரமற்ற புதிய மனைகளின் பதிவைத் தடுத்தன. ஆனால் அங்கீகாரமற்ற மனைகள் மீதான இத்தடைகள் மனையின் தகுதியையே பார்த்தன, விற்பவரின் உரிமையை அல்ல.

ஆதாயத்தையும் பொறுப்பையும் ஒரே ஆளிடம் சேர்ப்பது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18(2) பிரிவு. உரிமையில் குறை இருந்தால் மனைப்பிரிவாளரே இழப்பீடு தர வேண்டும். அதற்குக் காலவரையறை கிடையாது. எனினும் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத பிரிவுகளுக்கு அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு கட்டாயமில்லை. இதனால் கிராமப்புறச் சிறு மனைப்பிரிவுகள் கண்காணிப்புக்கு வெளியே நிற்கக்கூடும். இவ்வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை 3ஆம் பிரிவு மாநில அரசுக்கே தந்திருக்கிறது. உரிமைக்கு உத்தரவாதம் தரும் பதிவு முறை வரும்வரை காத்திராமல், தமிழ்நாடு அரசு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும்.