பேஸ் காம்போவை ஹெட்டாக மாற்றுதல்

பேஸ் கிட்டாருக்கான காம்போ ஆம்ப்ளிஃபயரில் மின்சுற்றும் ஸ்பீக்கரும் ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கும். மின்சுற்றை அதன் உலோகச் சட்டகத்தோடு கழற்றி எடுத்துத் தனிப் பெட்டியில் பொருத்துவதே காம்போவை ஹெட்டாக மாற்றுதல். பிரித்தபின் மின்சுற்றுப் பெட்டிக்கு ஹெட் என்றும், ஸ்பீக்கர் பெட்டிக்குக் கேபினட் என்றும் பெயர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தச்சு வேலை. ஆனால் காம்போவின் பெட்டி பல வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள மின்பொருத்தத்தைக் காக்கிறது, சூட்டை வெளியேற்றுகிறது, வெளி இரைச்சலைத் தடுக்கிறது, தாழ்ந்த சுரங்கள் எவ்வளவு கேட்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பிரிக்கும்போது இவை ஒவ்வொன்றையும் வேறோர் இடத்தில் ஒப்படைத்தாக வேண்டும்.

வரலாறு

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரை வெளியிட்டார். அதற்கென்றே 1952இல் வந்த பேஸ்மேன் ஆம்ப், ஒரு 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட காம்போ. சில ஆண்டுகளில் அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்கு மாறியது. 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் நிறுவனமே பேஸ்மேனை ஹெட், கேபினட் என இரண்டாகப் பிரித்து விற்றது.

ஆம்பெக் நிறுவனம் வேறு வழியில் போனது. 1960இல் வந்த அதன் பி-15 போர்ட்டாஃபிளெக்ஸில் மின்சுற்று பெட்டியின் மேல்மூடியில் பொருத்தப்பட்டிருந்தது. வாசிக்கும்போது மூடியைப் புரட்டினால் வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) வெளியே காற்றில் நிற்கும். வாசித்து முடித்ததும் திருப்பி மூடினால் எல்லாம் பெட்டிக்குள் அடங்கிவிடும். ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த இந்த ஆம்பை மோடவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பயன்படுத்தினார்.

நான்கு ஸ்பீக்கர் பேஸ்மேனின் 5எஃப்6-ஏ சுற்றை அடிப்படையாகக் கொண்டு ஜிம் மார்ஷலின் லண்டன் கடையில் ஜேடிஎம்45 உருவானது. காம்போவாக இருந்த சுற்று அங்கே நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் கேபினட்டின் மேல் உட்காரும் ஹெட்டானது. சுற்றில் பெரிய மாற்றம் இல்லாதபோதும் ஒலியின் குணம் மாறியது. மூடிய கேபினட்டுக்கும் அதில் இருந்த ஸ்பீக்கர்களுக்கும் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு உண்டு. 1969இல் ஆம்பெக் வெளியிட்ட 300 வாட் எஸ்விடியில் 14 வால்வுகள் இருந்தன. அந்த எடையை ஸ்பீக்கர்களோடு ஒரே பெட்டியில் வைத்துத் தூக்குவது நடவாத காரியம். பெரிய மேடைகளில் ஹெட்டும் கேபினட்டும் தனித்தனியாக வருவது அதன்பின் வழக்கமாயிற்று.

மாற்றுவதற்கான காரணங்கள்

முதல் காரணம் எடை. 15 அங்குல ஸ்பீக்கருள்ள காம்போவை மாடிப்படியில் ஒருவர் தூக்குவது கடினம். இரண்டாகப் பிரித்தால் இரண்டு நடையில் முடியும். இரண்டாவது, ஒரே ஹெட்டைச் சிறிய கூடத்தில் ஒரு கேபினட்டோடும் திறந்தவெளி மேடையில் பெரிய கேபினட்டோடும் சேர்க்கலாம். மூன்றாவது, அதிர்வு. பேஸ் ஸ்பீக்கரின் அதிர்வு பெட்டி வழியாக மின்சுற்றைத் தொடர்ந்து உலுக்குவதால் ஈயப் பற்றவைப்புகளில் நுண்விரிசல் விழும். வால்வுகள் ஒலிவாங்கிபோல நடந்து கணகணக்கும். பெட்டி உளுத்துப்போய் மின்சுற்று மட்டும் நல்ல நிலையில் இருந்தாலும் இந்த மாற்றம் பயன்படும்.

மின்மறுப்புப் பொருத்தம்

காம்போவில் ஆம்புக்கு ஏற்ற ஸ்பீக்கரைத் தயாரிப்பாளரே இணைத்துவிடுகிறார். ஹெட்டாக மாறியதும் எந்தக் கேபினட் வரும் என்பது பயனரின் கையில். டிரான்சிஸ்டர் ஆம்பில் இணைக்கும் ஸ்பீக்கரின் மின்மறுப்புக்கு (ஓமில் அளக்கப்படும் எதிர்ப்பு) ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு. பெரும்பாலும் 4 ஓம். இரண்டு 8 ஓம் கேபினட்களை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் கேபினட்களைச் சேர்த்தால் 2 ஓம். 4 ஓம் எல்லையுள்ள ஆம்ப் அதில் சூடேறிப் பழுதாகும். 4 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப், அதே மின்னழுத்தத்தில் 8 ஓமுக்கு 50 வாட் அளவுக்கே தரும். இது 3 டெசிபெல் குறைவு. 3 டெசிபெல் கூடுதல் உணர்திறனுள்ள கேபினட் அதை ஈடுகட்டிவிடும்.

வால்வு ஆம்ப்களின் கதை வேறு. வெளியீட்டு மின்மாற்றியில் குறித்த ஓம் அளவுக்கே கேபினட் பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் மின்மாற்றியில் உயர் மின்னழுத்தம் எழும்பி, காப்பு உடைந்து, அது கருகக்கூடும். இதற்காகவே பல வால்வு ஆம்ப்களில் பிளக் செருகாதபோது வெளியீட்டைக் குறுக்கிணைக்கும் சாக்கெட் இருக்கும். அதே சாக்கெட்டை டிரான்சிஸ்டர் ஆம்பில் போட்டால் எதிர்விளைவு: கேபிள் கழன்றதும் வெளியீடு குறுக்கிணைந்து சுற்று போய்விடும்.

சில டிரான்சிஸ்டர் காம்போக்களில் ஸ்பீக்கரின் எதிர்முனை சட்டகத்தோடு இணைந்திருக்காது. அவற்றில் உலோகச் சாக்கெட்டை நேரடியாகச் சட்டகத்தில் திருகக் கூடாது; பிளாஸ்டிக் காப்புள்ள சாக்கெட் அல்லது ஸ்பீக்கான் இணைப்பி வேண்டும். ஹெட்டுக்கும் கேபினட்டுக்கும் இடையே தடித்த இரட்டைக் கம்பி ஸ்பீக்கர் கேபிள்தான் போக வேண்டும். கிட்டாருக்கான கவசக் கேபிளின் உட்கம்பி மெல்லியது. அந்த மின்னோட்டத்தை அது தாங்காது.

கழற்றும்போது பாதுகாப்பு

வால்வு ஆம்பின் மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கும் மேல் தேங்கியிருக்கக்கூடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போகாது. தக்க மின்தடை வழியாக வடித்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்பிலும் பெரிய மின்தேக்கிகள் உண்டு. மின்வேலை பழகாதவர் தச்சு வேலையைத் தாம் செய்துகொண்டு, கம்பி வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவது நல்லது. இரைச்சல் வருகிறதென்று புவிக்கம்பியைத் துண்டிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

புதிய பெட்டி

பெட்டியின் உள்ளளவு சட்டகத்தின் அளவோடு காற்றோட்டத்துக்கான இடைவெளியையும் சேர்த்தது. சட்டகம் காம்போவில் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் வைப்பது பாதுகாப்பானது. வால்வுகள் தொங்கிய சட்டகத்தை நிமிர்த்தினால் சூடு செல்லும் வழியும் மாறும். பின்புறம் துளைத்த உலோகத் தகடு, அடியில் ரப்பர் பாதங்கள் தேவை. கைப்பிடியைப் பெட்டியின் நடுவில் பொருத்தினால் தூக்கும்போது சாயும். மின்மாற்றி இருக்கும் பக்கம் கனமானது என்பதால் எடையின் நடுப்புள்ளியைத் தேடிப் பொருத்த வேண்டும்.

திறந்த சட்டகமுள்ள பல காம்போக்களில் அதை மூடும் மரப்பலகையின் உட்புறம் உலோகத் தாள் ஒட்டியிருக்கும். வெளி மின்னிரைச்சலைத் தடுக்கும் கவசம் அதுதான். புதிய பெட்டியில் அந்தத் தாளை மறந்தால், பழைய பெட்டியில் இல்லாத ஹம் சத்தம் புதியதில் கேட்கும்.

பழைய பெட்டி

சட்டகம் போன இடத்தைத் திறந்தே விட்டால் காற்று கசிந்து தாழ்ந்த சுரங்கள் மெலியும். காற்றுத்துளையுள்ள ரிஃப்ளெக்ஸ் பெட்டியில் இது இன்னும் நுட்பமானது. சட்டகத்தின் அறையும் சேர்ந்து கொள்ளளவு 60 லிட்டரிலிருந்து 72 லிட்டராகக் கூடினால், 50 ஹெர்ட்ஸில் இருந்த ஒத்திசைவு ஏறக்குறைய 46 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். எனவே இந்த மாற்றம் காதுக்குத் தெரியும் இடத்திலேயே நிகழ்கிறது. பழைய ஒலியே வேண்டுமென்றால் சட்டகம் இருந்த எல்லையிலேயே பலகையால் அடைத்துப் பழைய கொள்ளளவைக் காக்கலாம்.

பேராக் சூழல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இந்த வேலையைச் செய்வோரிடம் ஈரப்பதம், மின்னழுத்தம், மரம் ஆகிய மூன்றும் தனிக் கவனம் கேட்கின்றன.

மாநிலத் தலைநகர் ஈப்போவில் ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும்தான். வடக்கே தைப்பிங் தீபகற்ப மலேசியாவின் மிகுமழை நகரம். மலிவான காம்போக்களின் மரத்தூள் பலகை ஈரத்தில் ஊதி, திருகுகளின் பிடி தளரும். கோயில் திருவிழா மேடையில் மழைச்சாரல் பட்ட பெட்டிக்கு இது இன்னும் விரைவில் நேரும். அத்தகைய பெட்டியை ஒட்டிச் சரிசெய்வதைவிட மின்சுற்றை மீட்டு ஹெட்டாக்குவதே பொருத்தமான வழி. இடிமழை மிகுந்த நாடாகையால், வாசிக்காத நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைப்பதும் நல்லது.

மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தம் முன்பு 240 வோல்ட். 2008 முதல் 230 வோல்ட். அலைவெண் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவின் 120 வோல்ட் ஆம்பையோ ஜப்பானின் 100 வோல்ட் ஆம்பையோ நேராகச் செருக முடியாது. மின்மாற்றியில் 230 வோல்ட் இணைப்பு இருந்தால் அதற்கு மாற்றி, ஃபியூஸையும் அதற்கேற்ற குறைந்த ஆம்பியருக்கு மாற்ற வேண்டும். இல்லையேல் மின்னழுத்தத்தைக் குறைக்கும் வெளி மின்மாற்றி தேவை. 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். புதிய பெட்டியில் காற்றோட்டம் தாராளமாக இருப்பது இதனாலும் அவசியம்.

மரத்துக்கு இந்த மாநிலத்தில் குறைவில்லை. 1877இல் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த ரப்பர் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. தோட்டத் தமிழர் கித்தா என்று அழைக்கும் இந்த மரம் 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்து வெட்டப்படும். முன்பு விறகாகப் போன அந்த மரம் 1980களிலிருந்து மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மூலப்பொருளாயிற்று. இளமஞ்சள் நிறமுள்ள இதன் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ. 50 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம், 25 செ.மீ. ஆழத்தில் 18 மி.மீ. பலகையால் செய்த ஹெட் பெட்டியின் நான்கு பக்கங்களும் சேர்ந்து சுமார் 4 கிலோ வரும். பச்சை மரத்தைப் பூஞ்சையும் வண்டும் விரைவில் தாக்கும் என்பதால், போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பலகையையே வாங்க வேண்டும். நான்கு பக்கங்களிலும் மர இழை பெட்டியைச் சுற்றி ஒரே போக்கில் ஓடினால், ஈரத்தில் பலகைகள் சேர்ந்தே விரிந்து சுருங்கும், மூலைகள் பிளக்காது.

மாற்று வழிகளும் முடிவும்

பெட்டியை உடைக்காமலே பாதிப் பயனைப் பெறலாம். உள் ஸ்பீக்கரின் கம்பியை ஒரு சாக்கெட்டில் முடித்து, தேவையானபோது அதைக் கழற்றி வெளிக் கேபினட்டைச் செருகினால் போதும். எடை குறையாது, ஆனால் எந்நேரமும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அரிய பழைய ஆம்ப்களுக்கு இதுவே ஏற்றது, ஏனெனில் பிரிப்பது அவற்றின் விற்பனை மதிப்பைக் குறைக்கும். பிரித்தே ஆக வேண்டுமானால் மூலப் பெட்டி, திருகுகள், ஸ்பீக்கர் மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

வேலை முடிந்த ஹெட்டின் பின்புறத்தில் குறைந்தபட்ச ஓம், மின்னழுத்தம், ஃபியூஸ் அளவு மூன்றையும் அழியாமல் எழுதி வைப்பது கடைசிப் பணி. காம்போவாக இருந்தவரை எந்த ஸ்பீக்கர் பொருந்தும் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பெட்டியே அதற்குப் பதிலாக இருந்தது. ஹெட் கைமாறிப் போகும்போது அந்தப் பதிலைச் சொல்ல இந்த எழுத்து மட்டுமே இருக்கும்.