ஓவியத்துக்குள் வந்த பத்திரிகைத் துண்டு

கியூபிசம் என்றதும், கனசதுரங்களை அடுக்கி வரைந்த புரியாத படங்கள் என்ற எண்ணமே நம்மிற் பலருக்கு எழுகின்றது. அப்பெயரே கேலியிற் பிறந்ததுதான். தென்பிரான்சின் லெஸ்டாக் என்னும் ஊரில் ஜோர்ஜ் பிராக் வரைந்த நிலக்காட்சிகள், 1908இல் பாரிசில் கான்வைலரின் கலைக்கூடத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டன. இவர் எல்லாவற்றையும் கனசதுரங்களாகச் சுருக்கிவிடுகிறார் என லூயி வோக்செல் என்ற விமர்சகர் எழுதினார். பெயர் நிலைத்துவிட்டது. ஆயினும் கியூபிசத்தின் சாரம் கனசதுரத்தில் இல்லை. பார்க்கும் முறையிலேயே உள்ளது.

மறுமலர்ச்சிக் காலந்தொட்டு ஐரோப்பிய ஓவியம், ஓரிடத்தில் அசையாது நிற்கும் ஒருவரின் பார்வையாகவே பெரிதும் இருந்துவந்தது. போல் செஸான் தமது மேசைகளையும் பழங்களையும் சற்றே வேறுபட்ட கோணங்களில் நோக்கி வரைந்து அவ்விதியைத் தளர்த்தினார். அவர் 1906இல் மறைந்தார். மறு ஆண்டு நடைபெற்ற அவரது நினைவுக் கண்காட்சி இளம் ஓவியர்களை ஆழமாகப் பாதித்தது. அதே 1907இல் பாப்லோ பிக்காசோ 'அவினியோன் பெண்கள்' ஓவியத்தை வரைந்தார்.

அதன்பின் பிக்காசோவும் பிராக்கும் இணைந்து உழைத்தனர். ஒரு வயலினை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் நோக்கி, அக்கூறுகளை ஒரே தளத்தில் நிறுத்தினர். வண்ணங்கள் பழுப்பும் சாம்பலுமாக ஒடுங்கின. இதனைப் 'பகுப்பாய்வுக் கியூபிசம்' என்பர்.

ஆனால் ஓவியம் இனங்காண முடியாத கோடுகளின் கூட்டமாகிவிடும் அபாயமும் கூடவே வந்தது. உலகத்தோடு மீண்டும் ஒரு பிடிமானம் தேவைப்பட்டது. 1912இல் பிக்காசோ, பிரம்பு பின்னிய கதிரையின் தோற்றம் அச்சிடப்பட்ட எண்ணெய்ச் சீலையைத் தமது ஓவியத்தில் ஒட்டினார். வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலை இளமையில் பயின்றிருந்த பிராக், மரத்தின் வரிகளைப் போல அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். 'இணைப்புக் கியூபிசம்' இவ்வாறு பிறந்தது.

கணினி வருமுன், அச்சுத்தாள்களைக் கத்தரித்து ஒட்டிப் பக்கம் அமைத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆதலால் அவ்வாண்டின் பிற்பகுதியில் பிக்காசோ உருவாக்கிய ஓர் ஒட்டுப்படம் என்னை வெகுவாகக் கவர்ந்தது. கிற்றார், இசைத்தாள், கண்ணாடிக் குவளை ஆகியவற்றின் கீழே 'லு ஜூர்னால்' நாளேட்டின் ஒரு துண்டு. 1912 நவம்பர் 18ஆம் திகதிக்குரியது. போர் தொடங்கிவிட்டது என்பது அதிலுள்ள தலைப்பின் பொருள். அது பல்கன் போர்ச் செய்தி. ஓவிய மரபுடனான தமது போரையே பிக்காசோ வேடிக்கையாகச் சுட்டினார் என்று சொல்வோர் உளர். இருக்கலாம். ஆனால் போர்த் தலைப்புகளை அச்சுக்கு அனுப்பிய கைக்கு அது வேடிக்கையாக மட்டும் தெரிவதில்லை.

இரண்டே ஆண்டுகளில் போர் பிரான்சுக்கும் வந்தது. 1914 ஓகஸ்ட்டில் அவினியோன் புகையிரத நிலையத்தில் பிக்காசோ வழியனுப்ப, பிராக் படைக்குச் சென்றார். மறு ஆண்டு தலையில் படுகாயமடைந்த அவர், குணமடைந்த பின்னரே மீண்டும் தூரிகை எடுத்தார். பழைய கூட்டுழைப்பு திரும்பவேயில்லை. கான்வைலர் ஜெர்மானியர் என்பதால் அவரிடமிருந்த ஓவியங்கள் எதிரிச் சொத்தாகப் பறிமுதலாகி, 1921 முதல் 1923 வரை ஏலத்தில் விற்கப்பட்டன.

ஆயினும் அவர்கள் கண்டெடுத்த மொழி அழியவில்லை. 1937 ஏப்ரல் 26ஆம் திகதி ஸ்பெயினின் குவெர்னிகா நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. பாரிசிலிருந்த பிக்காசோ அதனைப் பத்திரிகைகள் வாயிலாகவே அறிந்தார். அவர் வரைந்த 'குவெர்னிகா'வில், கதறும் முகங்கள் பல கோணங்களில் ஒருங்கே தெரிகின்றன. கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு வண்ணம் பெரும்பாலும் இல்லை. நடுவே வீழ்கின்ற குதிரையின் உடலெங்கும், அச்செழுத்து வரிகளைப் போன்ற சிறு கோடுகள். இம்முறை அவர் பத்திரிகையை வெட்டி ஒட்டவில்லை. தம் தூரிகையாலேயே எழுதினார்.