ஊர் பகைத்த நீதிபதி

தீர்ப்புச் சொல்வது ஒரு நாள் வேலை. சொன்ன தீர்ப்புடன் அதே ஊரில் வாழ்வதோ ஆயுள் முழுவதும் செய்யவேண்டிய வேலை. இவ்வுண்மையை உணர்த்துவது, அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாக விளங்கிய பிராங்க் ஜான்சன் என்பாரின் வரலாறு.

அந்நாட்டில் கூட்டாட்சி நீதிபதிகளை ஜனாதிபதி நியமிக்கிறார். செனட் சபை இசைவளிக்கிறது. நன்னடத்தை உள்ளவரை பதவி நிலைக்கும்; ஊதியத்தையும் குறைக்க இயலாது. அலபாமாவின் மாநில நீதிபதிகளோ மக்களிடம் வாக்குப் பெற்றே பதவியில் அமர்பவர்கள். இவ்வேற்றுமையை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக.

1918-இல் பிறந்த ஜான்சன், இரண்டாம் உலகப் போரில் காயமுற்றவர். 1955-இல் ஜனாதிபதி ஐசனோவர் அவரை மாண்ட்கமரி நகரில் நீதிபதியாக்கினார். அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள், அந்நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைதானார். அதன்பின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர்.

சீட்டு வாங்கியவருக்கு வண்டியில் உரிமை உண்டு என்பது இரயில்வே எழுத்தராகிய நாம் அன்றாடம் காணும் நியதி. அந்நகரிலோ கட்டணம் ஒன்று, உரிமை வேறு. இதனை எதிர்த்து நான்கு கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கை மூன்று நீதிபதிகள் விசாரித்தனர். 1956 ஜூன் 5-இல் ஜான்சனும் ரைவ்ஸ் என்பாரும், நிறம் பார்த்து இருக்கை பிரிப்பது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தனர். மூன்றாமவர் உடன்படவில்லை. நவம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

1965-இல் வாக்குரிமை வேண்டிச் செல்மா நகரினின்று மாண்ட்கமரிக்கு நடந்து செல்ல முற்பட்டோரைக் காவலர் தடிகொண்டு தாக்கினர். அணிவகுப்பைத் தடை செய்த ஆளுநர் வாலஸ், ஜான்சனுடன் சட்டம் பயின்றவர். ஆயினும் ஜான்சன் அணிவகுப்புக்கு அனுமதி அளித்தார். இழைக்கப்பட்ட அநீதி எவ்வளவு பெரிதோ, அதனை எதிர்க்கும் உரிமையும் அவ்வளவு விரியும் என்பது அவர் கொண்ட கருத்து.

இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அவர் வீட்டு முற்றத்தில் சிலுவையை நட்டு எரித்தனர். கொலை மிரட்டல்கள் வந்தன. 1967-இல் அவருடைய தாயாரின் இல்லத்தில் குண்டு வெடித்தது. அம்மையார் உயிர் தப்பினார். பல ஆண்டுகள் காவலர் பாதுகாப்புடனேயே அவர் வாழ நேர்ந்தது. எனினும் அவர் ஊரையும் விடவில்லை, ஆசனத்தையும் விடவில்லை. 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். 1995-இல் நாட்டின் உயரிய விருதான சுதந்திரப் பதக்கம் பெற்றார். 1999-இல் மறைந்தார். மாண்ட்கமரி நீதிமன்றக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சட்டம் அவருடைய பதவியைக் காத்தது. அக்கம்பக்கத்தாரின் நட்பையோ தாயாரின் வீட்டையோ அதனால் காக்க இயலவில்லை. எஞ்சியதை மனவுறுதி ஒன்றே தாங்க வேண்டியிருந்தது. சட்டம் பயிலச் செல்லும் நம் காலனிச் செல்வங்கள் பாடநூலுடன் இதனையும் கற்பார்களாயின், அதுவே நம் அவா.