விடுபட்ட ஓர் எழுத்து

‘வந்தான்’, ‘வந்தாள்’. கடைசி எழுத்து மாறினால் பால் மாறும் என்பதை இலக்கண வகுப்பில் முதல் நாட்களிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். இத்தாலிய மொழியில் பல பெண் பெயர்களின் இறுதியில் வரும் ‘ஆ’ ஓசைக்கும் அதே வேலைதான். 1924இல் இத்தாலியின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயத்தின் பெயர்ப்பட்டியலில் அந்த ஓசை மட்டும் இல்லாமல் ஒரு பெயர் அச்சானது: அல்ஃபோன்சின் ஸ்ட்ராடா. ஆனால் மிலான் நகரில் 72ஆம் எண்ணோடு புறப்படத் தயாராக நின்றவர் அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா. வயது 33. விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த பெண்.

ஒரு பட்டியலில் பெயர் எப்படி அச்சாகிறது என்பது அவ்வளவு பெரிய விஷயமா? இந்தப் பந்தயங்களைப் பொறுத்தவரை ஆம். ஏனென்றால் இவை பத்திரிகைகள் பெற்ற பிள்ளைகள்.

1902இல் ‘லோட்டோ’ என்ற பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகைக்கு விற்பனை போதவில்லை. ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்சின் அலுவலகத்தில் ஒரு யோசனை பிறந்தது: பிரான்ஸ் நாட்டையே சுற்றிவரும் ஒரு சைக்கிள் பந்தயம். மொத்தம் 2,428 கிலோமீட்டர், 6 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். 1903இல் 60 ஆண்கள் புறப்பட்டார்கள், 21 பேர் முடித்தார்கள். பத்திரிகை விற்பனை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அதுதான் தூர் தெ பிரான்ஸ். அதில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையின் நிறம்கூட அந்தப் பத்திரிகைத் தாளின் நிறம்தான் என்பார்கள். 1909இல் இளஞ்சிவப்புத் தாளில் வந்துகொண்டிருந்த இத்தாலியப் பத்திரிகை ஒன்று இதேபோல் ‘ஜீரோ’ பந்தயத்தைத் தொடங்கியது.

பல நாள் நடக்கும் பந்தயத்தை யாரும் முழுதாகப் பார்த்துவிட முடியாது. சாலையோரம் நிற்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மீதியைக் காலைப் பத்திரிகை சொல்ல வேண்டும். அங்கே பெயர் வந்தால் நீங்கள் ஓட்டியவர். வராவிட்டால் ஓட்டாதவர்.

1924க்குத் திரும்புவோம். பணத்தகராறில் அந்த ஆண்டு முன்னணி அணிகள் பந்தயத்தைப் புறக்கணித்தன. ஆள் பற்றாக்குறை. சாப்பாடும் தங்குமிடமும் தருகிறோம், தனியாள்களும் வரலாம் என்றார்கள் அமைப்பாளர்கள். அந்தக் கதவு வழியாகத்தான் அல்ஃபோன்சினா உள்ளே வந்தார். ஆண்களோடு பந்தயம் ஓட்டுவது அவருக்குப் புதிதல்ல. 1917, 1918 ஆண்டுகளில் லொம்பார்தியா பந்தயத்தில் ஓட்டியிருந்தார்.

12 கட்டங்கள், 3,613 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் சாலை. லாக்விலாவிலிருந்து பெருஜியா வரையிலான ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கட்டத்தில் மழையும் காற்றும் அடித்தன. விழுந்தார். ஹேண்டில்பார் உடைந்தது. துடைப்பக் கம்பு ஒன்றை ஒடித்துப் பொருத்திக்கொண்டு ஓட்டினார் என்கிறது அவரைப் பற்றிய பரவலான பதிவு. வீட்டுவேலையின் அடையாளமாகப் பெண்கள் கையில் திணிக்கப்பட்ட துடைப்பம், அன்று ஒரு பெண்ணைப் பந்தயத்தில் நிறுத்திவைத்தது.

ஆனால் கால வரம்பைத் தாண்டித்தான் பெருஜியா வந்து சேர்ந்தார். விதிப்படி வெளியேற்ற வேண்டும். அமைப்பாளர்களுக்கோ சங்கடம், ஏனென்றால் அவரைப் பார்க்கத்தான் கூட்டம் வந்துகொண்டிருந்தது. அதனால் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: ஓட்டலாம், ஆனால் தரவரிசையில் சேர்க்க மாட்டோம். அவரும் ஓட்டினார், மிலான் வரைக்கும். 90 பேர் புறப்பட்ட அந்தப் பந்தயத்தை முடித்ததாகப் பட்டியல் சொல்வது 30 ஆண்களை. பிந்தைய ஆண்டுகளில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

உழைப்பை வாங்கிக்கொள்வோம், கணக்கில் எழுத மாட்டோம். இந்தத் தீர்ப்பு நமக்குப் புதிதா என்ன?

பெண்களுக்கென்று தனிப் பந்தயம் 1955இல் பிரான்சில் நடந்தது. 5 நாட்கள். மான் தீவைச் சேர்ந்த மில்லி ராபின்சன் வென்றார். அது ஒரே முறையோடு நின்றது. அடுத்து வந்தது 1984. தூர் தெ பிரான்ஸ் அமைப்பாளர்களே பெண்களுக்கான தூரைத் தொடங்கினார்கள். 18 கட்டங்கள், 36 பெண்கள். ஆண்கள் ஓட்டிய அதே ஜூலை மாதத்தில், அதே மலைகளில், ஆண்கள் வருவதற்குச் சில மணி நேரம் முன்னால் ஓட்டினார்கள். அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். பாரிசில் அவரும் ஆண்கள் வெற்றியாளர் லோரான் ஃபின்யோனும் ஒரே மேடையில் நின்றார்கள். ஃபின்யோனுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் பரிசு. மார்ட்டினுக்கு ஒரு கோப்பையும் சுமார் 1,000 டாலரும்.

இத்தாலியின் மரியா கானின்ஸ் அடுத்த இரண்டு ஆண்டுகள் வென்றார். பிரான்சின் ழானி லோங்கோ 1987, 1988, 1989 என மூன்று முறை வென்றார். 1989 தூர் பற்றிச் சைக்கிள் ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். கிரெக் லெமாண்ட் 8 விநாடி வித்தியாசத்தில் ஃபின்யோனை வென்ற ஆண்டு அது. அதே ஆண்டோடு பெண்களுக்கான தூர் அந்த வடிவில் முடிந்துபோனது. அந்த 8 விநாடி நினைவிருக்கிறவர்களில் இந்த முடிவு எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

பிறகு வேறு அமைப்பாளர்கள் நடத்தினார்கள். ‘தூர்’ என்ற சொல் எங்கள் வணிகப் பெயர் என்று ஆட்சேபம் வந்ததும் 1990களின் இறுதியில் பந்தயத்தின் பெயரும் மாறியது. பெயர் போனது, விளம்பரதாரர்கள் போனார்கள், நாட்கள் குறைந்தன. 2009இல் மிஞ்சியது 4 கட்டங்கள். அதோடு அதுவும் நின்றது. விளம்பரதாரர் இல்லாததால் ஒளிபரப்பு இல்லை. ஒளிபரப்பு இல்லாததால் பார்வையாளர் இல்லை. பார்வையாளர் இல்லாததால் விளம்பரதாரர் இல்லை. இந்த வட்டத்தை யாரும் பெண்களின் உடல்வலிமைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை காலமும் ஆண்கள் பந்தயத்தின் மேடையில் பெண்கள் இல்லாமல் இல்லை. மஞ்சள் சட்டைக்காரருக்குப் பூங்கொத்து கொடுத்துக் கன்னத்தில் முத்தமிட இரண்டு பெண்கள் இருபுறமும் நின்றார்கள். 2020இல்தான் அதை ஒரு பெண், ஓர் ஆண் என்று மாற்றினார்கள்.

2013இல் காத்ரின் பெர்டைன், மரியான் வோஸ், எம்மா பூலி, கிறிஸ்ஸி வெலிங்டன் ஆகிய நான்கு வீராங்கனைகள் கோரிக்கை மனு ஒன்றைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன. 2014இல் பதில் வந்தது, ஒரே ஒரு நாள் பந்தயமாக. பாரிசில் சுமார் 90 கிலோமீட்டர். வோஸ் வென்றார். 2015 முதல் பிரெஞ்சுப் பெண்கள் குழு ஒன்று இன்னொரு வழியில் பதில் சொன்னது. ஆண்கள் தூரின் முழுப் பாதையையும், ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு நாள் முன்னதாகவே ஓட்டிக்காட்டியது. பரிசும் இல்லை, பட்டியலும் இல்லை.

2022இல் பெண்களுக்கான தூர் திரும்பி வந்தது. இயக்குநர், முன்னாள் வீராங்கனை மரியோன் ரூஸ். 8 கட்டங்கள், 1,033 கிலோமீட்டர், நேரடி ஒளிபரப்பு. நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளுட்டன் 39 வயதில் வென்றார். பரிசு 50,000 யூரோ. ஆண்கள் வெற்றியாளருக்கு 5 லட்சம். 2024இல் போலந்தின் காஷா நியெவியடோமா 4 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அது லெமாண்டின் 8 விநாடியில் பாதி. 2025இல் பிரான்சின் பொலின் ஃபெரான் பிரேவோ வென்றபோது பந்தயம் 9 கட்டங்களாக வளர்ந்திருந்தது.

தூரத்தை நீட்டிவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. முதல்நிலைப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்ற விதியே 2020இல்தான் வந்தது. வேறு வேலை பார்த்துக்கொண்டு மலையேறிய பெண்களின் பல தலைமுறைகள் அதற்கு முன்னால் இருக்கின்றன. முதலில் ஊதியம், ஒளிபரப்பு, தொடர்ச்சி. இவை இருந்தால் எத்தனை நாள் என்பதை ஓட்டுகிறவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

ஆனால் ‘பெண்களால் இவ்வளவு தூரம் முடியுமா’ என்று இனி யாராவது கேட்டால், இரண்டு எண்களை அருகருகே எழுதிக் காட்டலாம். 2022இல் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டது 1,033 கிலோமீட்டர். 1924இல் ஒரு பெண் பந்தயச் சாலையில் இறங்கியது 3,613 கிலோமீட்டருக்கு. புறப்பட்ட மிலானுக்கே ஓட்டித் திரும்பியும் வந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. நாம் எழுதும்போது அந்தக் கடைசி எழுத்தையும் சேர்த்தே எழுதுவோம்: அல்ஃபோன்சினா.