மெலிவு மருந்தின் விலை – ஒரு வரலாற்று நோக்கு

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் பெயரைச் சொன்ன அளவிலேயே கேட்போர் இதழ்க்கடையில் ஒரு புன்முறுவல் தோன்றும். இஃது இவ்வூரார் அனைவரும் அறிந்ததே. 1911ஆம் ஆண்டில் இங்கு மனநோய் மருத்துவமனை நிறுவப்பெற்ற நாள்தொட்டு, ஊர்ப்பெயரே ஒரு கேலிச்சொல்லாக நாடெங்கும் வழங்கலாயிற்று. மருத்துவமனைக்கு இன்பத்தைக் குறிக்கும் 'பஹாகியா' என்னும் பெயர் பின்னாளில் வந்தமைந்தும் கேலி மறையவில்லை. தலைமையாசிரியர் கூட்டங்களில் என் ஊரைச் சொல்லும்போது எழும் சிரிப்பு எனக்குப் பழகிப்போன ஒன்று.

ஆயினும், இந்நாட்டு மருத்துவ வரலாற்றில் பெருமைக்குரிய ஓர் ஏடு மனநோய் இல்லம் ஒன்றில்தான் எழுதப்பட்டது என்பதைச் சிரிப்போர் அறியார். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை தோன்றுமுன், கோலாலம்பூரில் இருந்த மனநோய் இல்லத்தில் 1905ஆம் ஆண்டில் பெரிபெரி நோய் கடுமையாகப் பரவிற்று. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சு நின்று மாளும் கொடுநோய் அது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் ஆயிரக்கணக்கில் அதற்கு இரையாயினர். தோட்டத்துத் தமிழரையோ அது பெரும்பாலும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கி, 1907இல் ஒரு நூலே எழுதினார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் அவ்வில்லத்து நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தீட்டிய அரிசியும் மற்றொரு பிரிவினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். தீட்டிய அரிசி உண்டோரில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோர் தப்பினர். அரிசியில் நஞ்சிருப்பதாகவே பிராடன் எண்ணினார். தவிட்டோடு ஓர் உயிர்ச்சத்து நீங்கியமையே காரணம் என்பது பின்னரே தெளிந்தது. அறிவு மயங்கியோரின் உடல் ஆய்வுக்களமாக்கப்பட்டது என் நெஞ்சை உறுத்துகிறது. எனினும், நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் காயவைத்த வழக்கம், மருந்தென்று எவரும் பெயரிடாத, விலையென்று எவரும் கேட்காத ஒரு காப்பாக இருந்தது என்பதை அந்த ஆய்வு உலகிற்குக் காட்டிற்று.

அன்று உணவில் ஒன்று குறைந்ததால் நோய் வந்தது. இன்று மிகுந்ததால் வருகிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 54.4 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையோர் எனக் கூறுகிறது. இந்நிலையில்தான் ஒரு புதிய வாணிகம் நம் வீட்டு வாயிலுக்கு வந்துள்ளது. கைத்தொலைபேசியில் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும். எங்கோ இருக்கும் மருத்துவர் ஒருவர் அதனைப் படித்து மருந்துச் சீட்டு எழுதுவார். எடையைக் குறைக்கும் ஊசி மருந்து பனிக்கட்டிப் பொதியோடு வந்து சேரும். மாதந்தோறும் பணம் கழிக்கப்படும். இதனைப் புதுமை என்கின்றனர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இதில் பாதியேனும் பழமையாகத் தோன்றுகிறது.

எங்கள் தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்று ஒரு நீண்ட கட்டடம் இருந்தது. தோட்ட நிருவாகமே தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிக்கவேண்டும் என்பது வெள்ளையராட்சிக் காலம் முதல் சட்டம். ஆகவே மருந்து இலவசம். ஆனால், படித்த மருத்துவர் குறித்த நாளில் வாகனத்தில் வந்து, வரிசையை ஒரு முறை பார்த்துச் செல்பவர். மற்ற நாளெல்லாம் டிரஸ்ஸர்தான் எங்களுக்குத் தெய்வம். காய்ச்சலுக்கு ஒரு கலவை, வயிற்றுக்கு ஒரு கலவை, புண்ணுக்கு ஊதா மருந்து. என் தாயார் நெஞ்சு வலிக்கிறது என்றபோதும் வயிற்றுக் கலவையே கிடைத்தது. டிரஸ்ஸரைக் குறைகூற நான் துணியேன். பல நூறு உயிர்களை ஒற்றை மனிதராகக் காத்தவர் அவர். நான் சொல்ல வருவது வேறு. மருந்து இலவசம் என்று ஏட்டில் இருந்ததே தவிர, ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைக்குப் 'பேர்' விழாது. பேர் விழாவிட்டால் கூலி இல்லை. என் தாயார் அந்த மருந்துக்கு ஒரு நாட்கூலியை விலையாகக் கொடுத்தார். அவ்விலை எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. மருந்து நாள்தோறும் கிடைத்தது. மருத்துவர் மட்டும் கிடைக்கவில்லை.

அஞ்சல்வழி மருத்துவமும் நம்மவர்க்குப் புதிதன்று. நோயின் குறிகளை எழுதியனுப்பினால் வி.பி.பி.யில் மருந்து வரும் என்னும் விளம்பரங்களைத் தமிழிதழ்களில் கண்டு வளர்ந்த தலைமுறை எம்முடையது. இங்கிலாந்திலோ இது பெருந்தொழிலாகவே நடந்தது. 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 'இரகசிய மருந்துகள்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூல் வெளியிட்டது. விளம்பர மருந்துகளை வாங்கிச் சோதித்து, உள்ளே இருப்பது என்ன, அதன் அடக்கவிலை என்ன, விற்கும் விலை என்ன என்று வரிசையாக அச்சிட்டுவிட்டது. உடல் மெலிவிக்கும் மருந்துகளுக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. புகழ்பெற்ற 'ஆன்டிபான்' என்னும் மருந்தில் இருந்தது பெரும்பாலும் சிட்ரிக் அமிலமும் நீரும் நிறமுமே. எலுமிச்சைப் புளிப்பைப் புட்டியிலடைத்து மெலிவென்று விற்றனர்.

புளிப்பு நீரால் பணம் மட்டுமே போயிற்று. அடுத்து வந்தவற்றால் உயிரும் போயிற்று. முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்னும் பொருளைக் கையாண்ட தொழிலாளர், காரணம் தெரியாமல் வியர்த்து, மெலிந்து, சிலர் காய்ச்சலில் மாண்டனர். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அதே பொருளை எடை குறைக்கும் மருந்தாக அறிமுகப்படுத்தினர். ஓராண்டு அளவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அதனை உண்டனர் என்பர். தொழிலாளியைக் கொன்ற மெலிவைச் செல்வர் விலைகொடுத்து வாங்கினர்! 1935 முதல் இளம் பெண்களின் கண்ணில் புரை விழுவது கண்டறியப்பட்டது. 1938இல் புதிய மருந்துச் சட்டம் வந்த பின்னரே அம்மருந்து சட்டப்படியான விற்பனையிலிருந்து நீங்கியது. 1960களில் வானவில் மாத்திரைகள் பரவலாக வழங்கின. பல நிறத்தில், கைநிறைய, சில நிமிடப் பார்வையில் அள்ளிக் கொடுக்கப்பட்டன. 1968இல் அமெரிக்க மேலவையே இதனை விசாரித்தது. 1990களில் பென்புளுரமின், பென்டெர்மின் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்து உண்ணும் வழக்கம் பரவி, இதய வால்வுகள் பழுதாயின; 1997 செப்டம்பரில் பென்புளுரமின் திரும்பப் பெறப்பட்டது. அதனை விற்ற நிறுவனம் 1999இல் ஒப்புக்கொண்ட இழப்பீடு 375 கோடி டாலர்.

இவையெல்லாம் மேனாட்டுக் கதைகள் என்று மாணவர் கருதலாகாது. 2002இல் நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 'ஸ்லிம் 10' என்னும் மெலிவு மாத்திரை விற்கப்பட்டது. மூலிகை என்று சொல்லப்பட்ட அதனுள், திரும்பப் பெறப்பட்ட பென்புளுரமினின் உறவுப் பொருள் ஒன்று கலந்திருந்தது. அதனை உண்ட இந்திய வம்சாவளிப் பெண்மணி ஒருவர் கல்லீரல் பழுதுற்று மாண்டார். நடிகை ஒருவர் பிறர் கல்லீரலின் ஒரு பகுதியைப் பெற்று உயிர் பிழைத்தார்.

இவ்வரலாற்றை இத்துணை விரித்ததற்குக் காரணம், இன்றைய ஊசி மருந்தும் அவற்றைப் போன்றதே என்று அஞ்சச் செய்வதன்று. நேர்மையாகச் சொன்னால், இன்றைய மருந்து பழையவற்றினும் மிக உயர்ந்தது. 1992இல் ஜான் எங் என்னும் ஆய்வாளர் ஒரு நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், மனிதக் குடல் சுரக்கும் நீரொன்றை ஒத்த பொருளைக் கண்டறிந்தார். அவ்வழி வந்த முதல் மருந்து 2005இல் நீரிழிவுக்கு ஒப்புதல் பெற்றது. அதே குடல்நீரின் வழியில் வேறாக உருவாக்கப்பட்ட செமாகுளுடைட், 2021இல் உடற்பருமனுக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெரிய சோதனை ஒன்றில் 68 வாரங்களில் சராசரியாக நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு எடை குறைந்தது. 2025 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளை, பருமனோடும் இதய அல்லது சிறுநீரக நோயோடும் கூடிய நீரிழிவுடையோர்க்காக, இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. மருந்து மெய். ஐயம் விலையிலும் வழங்கும் முறையிலும் உள்ளது.

விலையைக் கேளுங்கள். 2025இல் அமெரிக்காவில் இம்மருந்தின் பட்டியல் விலை மாதம் 1,349 டாலராக இருந்தது. தம் பணத்தில் வாங்குவோர்க்கெனத் தனியே வைத்த விலை அவ்வாண்டு நவம்பரில் 349 டாலராகக் குறைக்கப்பட்டது. இந்தியாவில் 2025 சூனில் அறிமுகமானபோது தொடக்க அளவின் விலை மாதம் 17,345 ரூபாய். அன்றைய நாணய மாற்றில் ஏறத்தாழ 850 வெள்ளி. அவ்வாண்டு பிப்ரவரி முதல் நம் நாட்டில் சட்டம் வகுத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்த இந்திய விலைக்கே வாங்கியிருந்தாலும் ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் பாதி போயிருக்கும்! ஆறு மாதங்கூட ஆகுமுன் தொடக்க அளவின் விலை 10,850 ரூபாயாக இறங்கியது. விலையை இறக்க இயன்றதெனில், முந்தைய விலை எதற்கான விலை? 2024இல் யேல் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர் வெளியிட்ட கணக்கொன்று, இம்மருந்தை ஒரு மாத அளவுக்கு ஒரு டாலருக்கும் குறைவு முதல் ஐந்து டாலருக்குட்பட்ட செலவில் உருவாக்க இயலும் என்றது. 1909இல் மருத்துவச் சங்கம் செய்ததும் இதே அடக்கவிலைக் கணக்குத்தான்.

விலை என்று நாம் சொல்வது ஒரு மாதத்தின் விலை. மருந்தை நிறுத்தியோர் ஓராண்டுக்குள் குறைத்த எடையில் மூன்றில் இரு பங்கைத் திரும்பப் பெற்றனர் என 2022இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. ஆகவே இது பொருளை வாங்குவது போன்றதன்று. வாடகை வீட்டில் இருப்பது போன்றது. வாடகை நின்ற மாதம் வெளியேற வேண்டியதே. தொலைவழித் திட்டங்கள் பலவற்றில் உறுப்பினர் கட்டணம் ஒன்று, மருந்தின் விலை மற்றொன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்பது முன்னதே. அமெரிக்காவில் 2022 முதல் மருந்துத் தட்டுப்பாடு நிலவியபோது, கலவை மருந்தகங்கள் தயாரித்த மலிவுப் பதிப்புகளை இத்திட்டங்கள் பெருமளவில் அனுப்பின. 2025 பிப்ரவரியில் தட்டுப்பாடு நீங்கிற்று என்று அரசு அறிவித்தவுடன் அவ்வழி அடைபடலாயிற்று. மலிவை நம்பித் தொடங்கியோர் நடுவழியில் நின்றனர்.

நம் நாட்டில் சட்டம் முந்திக்கொண்டது போலத் தோன்றும். 1997லேயே தொலைவழி மருத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நடைமுறைக்கு வராமல் ஏட்டிலேயே கிடந்தது. 2025 மே முதல் நாள் தொட்டுத் தனியார் மருந்தகங்களும் மருந்துக்கடைகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்கவேண்டும் என்னும் ஆணை வந்தது நல்லதே. எனினும், விலைப்பட்டியல் மருந்தின் விலையை மட்டுமே சொல்லும். பின்னர் யார் பார்த்துக்கொள்வார் என்பதைச் சொல்லாது.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் இத்தகைய திட்டமொன்றில் சேர்ந்தார். திட்டத்தின் பெயர் ஈண்டு வேண்டா. படிவம் நிரப்பச் சில நிமிடமே ஆனதாகச் சொன்னார். உயரம், எடை, குடும்பத்தில் தைராய்டுப் புற்றுநோய் உண்டா என்னும் வினா, எல்லாம் இருந்தன. அவர் எழுதியது மெய்யா என்று எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாதந்தோறும் போயிற்று. எடையும் குறைந்தது, அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நானே கண்டேன், அதனை எள்ளுதல் தகாது. நான்காம் மாதம் ஊசியின் அளவு கூடியதும் ஓயாத வாந்தி. திட்டத்துக்குச் செய்தி அனுப்பினார். தங்கள் வினா கிடைத்தது, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் மறுமொழி வரும் என்று உடனே ஒரு விடை வந்தது. அது மனிதர் எழுதிய விடையன்று. மறுநாள் காலை, ஒரு வகுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்றார். அங்கே ஒரு வெள்ளி கட்டி மூன்று மணி நேரம் காத்திருந்தார். தாதி ஒருவர் அவரைத் தராசில் ஏற்றி, இரத்த அழுத்தம் பார்த்து, விரலில் குத்திச் சருக்கரை அளந்தார். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, பித்தப்பையில் கல் உண்டா என்று அறியச் சோதனைக்கு எழுதினார்.

"சார், நாலு மாசத்துல என்னைத் தொட்டுப் பார்த்தது இன்னிக்குத்தான்" என்று திரும்பி வந்து சொன்னார்.

அவர் ஊசியை நிறுத்திவிட்டார். ஓராண்டில் எடையில் பெரும்பகுதி மீண்டுவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு வெள்ளியோடும் திருத்த வேண்டிய கட்டுரைத் தாள்களோடும், அதே கிளினிக் வரிசையில் சென்று அமர்கிறார். அன்றைய நாளுக்கு அவர்க்குப் பேர் உண்டு, சம்பளம் பிடிப்பதில்லை. என் தாயாருக்கு அது இல்லை.